ஈரல் பக்கம்

மதியம் ஒரு மணிக்குள் பொடிசு தொண்ணூறு ஈரல்களைப் புரட்டிப் போட்டிருந்தாள். ஒன்றில்கூடப் பித்தம் சிந்தவில்லை. ஈரலின் அடியில் ஒட்டிக்கிடக்கும் பச்சைப் பையை இடது கை இரண்டு விரலால் கழுத்தோடு பிடிக்க வேண்டும். கத்தியின் நுனியைச் சாய்த்து, பைக்கும் ஈரலுக்கும் நடுவே ஒரே இழுப்பு. கை கொஞ்சம் அலுங்கினாலும் பை கிழிந்து ஈரல் முழுக்கப் பச்சையாகிவிடும். அந்தக் கசப்பை எந்தத் தண்ணீரும் கழுவாது. அவள் இந்த மேசைக்கு வந்து இது இரண்டாவது பள்ளி விடுமுறை. இதுவரை ஒரு பைகூடக் கிழிந்ததில்லை. இறைச்சிக்கூடத்தில் எல்லாருக்கும் இது தெரியும். தெரியாதவர்கள் இருந்தால் அவளுடைய அப்பா தேடிப்போய்ச் சொல்லிவிடுவார்.

இன்றைக்கு அவள் பயம் கத்தியைப் பற்றியதல்ல, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பற்றியது. நாலு மணிக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

கால்நடை மருத்துவப் படிப்புக்கு அவளுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. போனில் ஒரு பக்கம் திறக்கும். அதில் இரண்டு பெயர்கள், இரண்டு கட்டங்கள். ஒன்றை அழுத்தினால் மற்றது போய்விடும். எதையும் அழுத்தாமல் விட்டால் நாலு மணிக்கு இரண்டுமே போய்விடும். மாற்றிக்கொள்ளவும் முடியாது. இரண்டும் அரசுக் கல்லூரி, கட்டணம் ஒன்று, விடுதி இரண்டிலும் உண்டு, பஸ்ஸில் போனாலும் ஏறத்தாழ ஒரே நேரம்தான். சாக்குச் சொல்லித் தப்பிக்க ஒரு சந்துகூட இல்லாமல் அமைந்துபோயிருந்தது.

ஒன்று நகரத்துக்குள் இருக்கிற பழைய கல்லூரி. கல் கட்டடம், பெரிய அறுவைக்கூடம், வாசலில் நாயும் பூனையுமாக வரிசை. முதல் இரண்டு வருஷம் முழுக்கப் பாடமும் செத்த உடம்புகளும்தான். மற்றது ஊருக்கு வெளியே பண்ணையோடு சேர்ந்த புதிய கல்லூரி. அங்கே சேர்ந்த முதல் வாரமே மாட்டுக் கொட்டகையில் இறக்கிவிடுவார்கள்.

சங்கு ஊதியது. மாட்டு உடல்களைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு இழுத்துவரும் செயின் நின்றது. பொடிசு கத்தியைக் கொதிநீர்த் தொட்டியில் போட்டுவிட்டு, கைகளை முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். எத்தனை சோப்புப் போட்டாலும் கொழுப்பு விரல் ரேகைக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

சாப்பாட்டு அறையில் அப்பா ஏற்கெனவே பேச்சில் இருந்தார். குடல் எடுப்பது அவர் வேலை. பின்னங்கால்களில் தொங்கிக்கொண்டு வயிற்றைக் காட்டியபடி வரும் உடலை மேலிருந்து கீழே ஒரே கோடாகப் பிளந்து, சரிந்து வருகிற மொத்தக் குடலையும் மார்போடு அணைத்து, தொடையில் தாங்கி இறக்க வேண்டும். இருபத்து மூன்று வருஷமாக ஒரே மேடை, ஒரே அசைவு. இடது தோள் வலதை விட இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது.

"என் பொண்ணு நேரா மாட்டுக்கிட்ட போனா," என்றார். "மத்த பசங்க எல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்குது. வாத்தியார் கேக்கறாரு, பெரிய வயிறு எங்க இருக்குன்னு. இவ கையை வெச்சுக் காட்டிட்டா. அந்த மனுஷனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

எதிரே உட்கார்ந்திருந்த ரம்பம் டப்பாவை மூடினார். உடலை நடுவில் இரண்டாகப் பிளக்கும் மின்ரம்பம் அவர் கையில். அதனால் அந்தப் பெயர். வாயைத் திறந்தால் மூடமாட்டார் என்பதாலும் என்று பெண்கள் சொல்வார்கள்.

"முந்தாநாள் அந்த வாத்தியார் எழுந்துதான நின்னாரு," என்றார் ரம்பம். "இன்னிக்கு அழ ஆரம்பிச்சுட்டாரா? நாளைக்குக் கால்ல விழுந்துடுவார் போல."

"உனக்குப் பொறாமை."

"எனக்கு எதுக்குய்யா பொறாமை. என் பையன் எட்டாங்கிளாஸையே மூணு தடவை ரசிச்சு ரசிச்சுப் படிச்சவன்."

எல்லாரும் சிரித்தார்கள். பொடிசும் சிரித்தாள். 

அவளுடைய அம்மா பக்கத்து அறையில் குடல் கழுவுகிறவள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து மகள் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தாள். "அமுக்கிட்டியாடி?"

"இன்னும் இல்லம்மா."

"மணி ஒண்ணேகால். இதுக்கென்ன நல்ல நேரமா பாக்குற? பழைய காலேஜை அமுக்கு. நாய், பூனைன்னு சுத்தமா பாத்துட்டு, வெள்ளைக் கோட்டுப் போட்டுட்டு உக்காரலாம். நாயாச்சும் கூப்பிட்டா வாலாட்டும். மாடு என்ன பண்ணும், சாணி போடும். அதுதான் இங்க நான் தினம் கழுவுறேனே."

"நீ சும்மா இரு," என்றார் அப்பா. "மாடுன்னா நம்ம வீட்டு விஷயம். அவ பண்ணைக் காலேஜுல போய் நின்னா வாத்தியாருக்கே சந்தேகம் தீர்த்து வைப்பா. தெரிஞ்சதை விட்டுட்டு நாய்க்கு ஊசி போடவா போறது?"

"உனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். மாட்டுக்குத் தெரியுமா?" என்றாள் அம்மா. அவள் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னாள். பொடிசு சோற்றை விட்டுத் தலையை நிமிர்த்தினாள்.

அப்பா சொல்லிக்கொண்டு திரிகிற கதையில் பாதி உண்மை. மாட்டின் மேல் கை வைத்தாள், அது நிஜம். கை வைத்த பிறகு என்ன நடந்தது என்பதை அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

இடம் கிடைத்தவர்கள் தேர்ந்தெடுக்கும் முன்பு வந்து பார்த்துப் போகலாம் என்று இரண்டு கல்லூரிகளுமே தலா ஒரு நாள் வைத்திருந்தன. முதலில் பழைய கல்லூரிக்குப் போனாள். அறுவைக்கூடத்தில் எஃகு மேசை மேல் ஒரு கன்றின் உள்ளுறுப்புகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். மருந்து வாடையில் இரண்டு பேர் வெளியே ஓடினார்கள். பொடிசு ஒவ்வொன்றாகச் சொன்னாள். இது மண்ணீரல், இது ஏடு ஏடாக மடிந்த மூன்றாவது வயிறு, இது பால் செரிக்கிற நாலாவது. பேராசிரியை கத்தியைக் கொடுத்துப் பார்த்தார். பித்தப்பையைச் சொட்டுச் சிந்தாமல் எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"யாரும்மா சொல்லிக் கொடுத்தது? வீட்ல யாராவது டாக்டரா?"

"அப்பா குடல் எடுக்கிறவர் மேடம்."

யாரும் சிரிக்கவில்லை. மற்ற பிள்ளைகள் அவளுக்கு வழிவிட்டு நின்றார்கள். பஸ்ஸில் திரும்பும்போது, வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் குட்டை உயரத்தை மறந்து உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் பண்ணைக் கல்லூரி. ஒரு நீளக் கொட்டகை. தீவனப் பாதையின் இருபுறமும் கம்பிகளுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு நாற்பது மாடுகள். கூட்டிப்போன வாத்தியார் இளவயதுக்காரர், காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். போகிற போக்கில், மாட்டின் நாலு வயிற்றில் பெரியதைப் பற்றிக் கேட்டார்: "பெருவயிறு எந்தப் பக்கம்? யாராவது தொட்டுக் காட்டுங்க."

பொடிசு முந்திக்கொண்டாள். இதைக் கேட்கமாட்டார்களா என்றுதான் காத்திருந்தாள். ஆறு வயதிலிருந்து வீட்டில் கேட்டு வளர்ந்த வாசகம்: இடது கைப் பக்கம் பெருவயிறு, வலது கைப் பக்கம் ஈரல். அப்பா சட்டை போடாமல் சுவரோரம் நின்று, இல்லாத குடலைக் கையில் ஏந்தி நடித்துக் காட்டுவார். பொடிசு மாட்டின் முகத்துக்கு நேராக நின்றாள். கம்பிக்குள் நுழைந்து, தன் இடது கைப் பக்கமாகப் போய், விலாவில் உள்ளங்கையை வைத்தாள்.

"அது ஈரல் பக்கம்," என்றார் வாத்தியார்.

"இடது பக்கம்தானே சார்?"

"யாரோட இடது?"

பின்னால் யாரோ களுக்கென்றார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியாரும் கெட்ட எண்ணம் இல்லாமல் சிரித்தார். தொங்குகிற மாட்டில் அதன் இடதும் பார்ப்பவரின் இடதும் ஒரே பக்கம். நின்றுகொண்டு முகத்தைப் பார்க்கிற மாட்டில் எதிர்ப்பக்கம். இத்தனை வருஷத்தில் இதை யோசிக்க அவளுக்கு ஒரு தேவையும் வந்ததில்லை. ஏனென்றால் நின்றுகொண்டிருக்கும் மாட்டை அவள் பக்கத்தில் பார்த்ததே இல்லை. இறைச்சிக்கூடத்தில் மாடுகளுக்கு ஒரு வாசல், ஆட்களுக்கு வேறு வாசல். நடுவில், மாட்டை அடைத்துச் சாய்க்கிற ஒரு இரும்புப் பெட்டி. பெட்டிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது உயிர்மாடுகளை அடைத்திருக்கும் பட்டியில் வேலை செய்கிற பட்டிக்காரர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். இந்தப் பக்கம் வரும்போது அது தொங்கிக்கொண்டுதான் வரும்.

சிரிப்பைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். கைக்கு அடியில் இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. தோல் சிலிர்த்தது. உள்ளே எதுவோ ஏறி இறங்கியது. மாடு தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. பிறகு இடுப்பை ஒரு சாய்ப்புச் சாய்த்து, பக்கத்து மாட்டோடு வைத்து அவளை நசுக்கியது. வாத்தியார் அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி வெளியே இழுத்தார். பிறகு ஒரு மணி நேரம் அவள் கைகளைப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். வெளியே எடுத்தால் நடுங்கின.

வீட்டுக்கு வந்து, "கேள்வி கேட்டாங்க, மாட்டைத் தொட்டுக் காட்டினேன்," என்றாள். அங்கிருந்து கதையை அப்பா எடுத்துக்கொண்டார்.

அவளுக்கு வேண்டியது பழைய கல்லூரி. அதில் குழப்பமே இல்லை. அங்கே அவள் கை நடுங்காது. ஆனால் அதை அழுத்தினால் ஏன் என்று அப்பா கேட்பார். அந்த ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொன்னால் இந்த அறையில் உட்கார்ந்திருக்கிற இத்தனை பேருக்கு முன்னால் அவருடைய மூன்று வாரப் பேச்சும் நாறிப்போகும். அப்பாவுக்குப் பயந்து பண்ணையை அழுத்தினாலோ ஐந்து வருஷம் அந்தக் கொட்டகையில் நிற்க வேண்டும்.

சங்கு மறுபடி ஊதியது. "மூணு மணிக்கு அமுக்கிடறேன்," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுந்தாள்.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கூரையில் பெரிய சத்தத்துடன் எதுவோ அறுந்தது. செயின் இரண்டு முறை குலுங்கி நின்றது. தொங்கிக்கொண்டிருந்த உடல்கள் ஒன்றோடொன்று இடித்து ஆடின. மெக்கானிக் ஏணியோடு ஓடிவந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் என்று விரலைக் காட்டினான்.

பொடிசு ஆட்கள் தங்கள் சாமான்களை வைக்கும் அறைக்குப் போய் போனை எடுத்தாள். ஈரத்துக்குப் பயந்து அதைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்திருந்தாள். திரும்பி வந்தபோது அப்பாவின் மேடை காலியாக இருந்தது.

"உங்க அப்பனைப் பட்டிக்குக் கூட்டிட்டுப் போறானுங்க," என்றாள் அம்மா குடல் அறைக் கதவிலிருந்து. "உன் வீரத்தைச் செஞ்சு காட்டச் சொல்லி ரம்பம் உசுப்பேத்திவிட்டான். அந்த ஆளுக்குச் சொல்லவா வேணும், ஏப்ரனைக்கூட அவுக்காம கெளம்பிடுச்சு."

பொடிசு ஓடினாள்.

பட்டி கட்டடத்தின் பின்புறம். மேலே தகரக் கூரை, இரும்புக் குழாய் வேலி, சிமெண்டுத் தரை. வேலிக்கு வெளியே இடுப்புயரத்தில் நடைமேடை ஒன்று ஓடியது. அதில் முத்திரையம்மா நின்றிருந்தார். அவர்தான் கூடத்தின் கால்நடை டாக்டர். மாட்டை உயிரோடு ஒரு தடவை, இறைச்சியாக ஒரு தடவை பார்த்து நீல முத்திரை குத்துகிறவர். கையில் அட்டை, பேனா. கீழே ரம்பமும் இன்னும் ஐந்தாறு பேரும். எல்லாரும் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். யாருக்கும் இங்கே வந்து பழக்கமில்லை.

அப்பா ஒரு செம்மாட்டுக்கு எதிரே நின்றிருந்தார். அதன் காதில் மஞ்சள் வில்லை, எண் நூற்றுப் பதினெட்டு.

"அப்பா, வேணாம், வாங்க."

"இரு பொடிசு. இவனுங்களுக்குக் காட்டிட்டு வந்துடறேன்." அவர் பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனார். மாடு மூச்சை விட்டது. அவர் அப்படியே நின்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் இடது கைப் பக்கமாக நகர்ந்து, அதன் விலாவில் உள்ளங்கையை வைத்தார். "இதோ. இங்கதான் பெரிய வயிறு. இப்படித்தான் தொட்டா."

முத்திரையம்மா அட்டையிலிருந்து தலையைத் தூக்கினார். "அது ஈரல் பக்கம்."

"இல்லம்மா, இடது கைப் பக்கம். இருபத்து மூணு வருஷமா எடுக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"அது உங்களுக்கு இடது. மாட்டுக்கு வலது. அந்தப் பக்கம் போய்ப் பாருங்க."

ரம்பம் தொடையில் தட்டிச் சிரித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அப்பா சிரிக்கவில்லை. அவர் தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தார். ஒரு கையை மேலே தூக்கி, மணிக்கட்டைத் திருப்பி, காற்றில் ஒரு மாட்டைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, பிறகு இறக்கி நிற்க வைத்தார். முகம் மெல்ல மாறியது. அவர் கண்கள் நேராக மகளிடம் வந்தன.

"நீ அங்க எந்தப் பக்கம் தொட்ட?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. வாய் வரவில்லை.

"நீங்க தொட்ட பக்கம்தாம்ப்பா."

"வாத்தியார் என்ன சொன்னாரு?"

"இந்த அம்மா சொன்னதைத்தான் சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

"கண்ணு கலங்கினது?"

"அது சிரிச்சுச் சிரிச்சுக் கலங்கியிருக்கும்," என்றார் ரம்பம். இந்தத் தடவை யாரும் கூடச் சிரிக்கவில்லை. ரம்பம் தன் பூட்ஸ் நுனியைப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்பாவின் கை இன்னும் மாட்டின் மேலேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டார் என்று பொடிசு முதலில் நினைத்தாள். பிறகு பார்த்தாள், விரல்கள் துடித்துக்கொண்டிருந்தன. ஒரு நாளைக்கு நூறு வயிற்றுக்கு மேல் திறக்கிற கை. அவர் அதை மெதுவாக எடுத்து, ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"நான் கத்துக் கொடுத்ததே தப்பாப் போச்சு," என்றார்.

"தப்பில்லப்பா. தொங்குறதுக்குச் சரிதான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

 அவர் போய் நடைமேடைப் படியில் உட்கார்ந்தார்.

"சரி விடு. பழைய காலேஜையே அமுக்கு. அங்கதான் நீ கெட்டிக்காரி. இவனுங்க நாலு நாள் சிரிப்பானுங்க, அப்புறம் வேற எவனாச்சும் மாட்டுவான்."

அவ்வளவுதான். மூன்று வாரமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பொடிசு உறையைப் பிரித்துப் போனை எடுத்தாள். மணி மூன்று இருபத்தைந்து. பக்கம் திறந்தது. இரண்டு பெயர்கள். பழைய கல்லூரியின் மேல் கட்டைவிரலைக் கொண்டுபோனாள்.

மேலே முத்திரையம்மா பட்டிக்காரனைக் கூப்பிட்டார். "மூலையில படுத்திருக்கே, அதை எழுப்பி நடக்க விடு. கால் தாங்குதான்னு பாக்கணும்." பட்டிக்காரன் உள்ளே போய் அதன் முதுகில் தட்டினான். அது எழுந்து நடந்தது. முத்திரையம்மா இருந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்து அட்டையில் ஒரு கோடு போட்டார்.

அவருடைய பூட்ஸ் வெள்ளையாக இருந்தது. அடிப்பக்கம் கூட வெள்ளை.

"மேடம், நீங்க பழைய காலேஜுலயா படிச்சீங்க?"

"ஆமா. முதல் வகுப்பு. ஏன்?"

"நீங்க உள்ள போய்ப் பாக்க மாட்டீங்களா?"

முத்திரையம்மா பேனாவை மூடினார். "இங்கேருந்தே நல்லாத் தெரியுது," என்றார். "உள்ள போகணும்னு ஒண்ணும் அவசியம் இல்ல." சொல்லிவிட்டு அடுத்த வேலிக்கு நடந்தார். நடைமேடையின் குழாயை ஒரு கை விடாமல் பிடித்துக்கொண்டே போனார்.

"அந்தம்மா வந்து பதினெட்டு வருஷம்," என்றான் பட்டிக்காரன் தாழ்ந்த குரலில். "ஒரு நாள் உள்ள வந்து பாத்ததில்ல."

பொடிசு விரலை எடுத்துவிட்டாள். பழைய கல்லூரியில் அவள் கெட்டிக்காரியாகவே இருப்பாள். இரண்டு வருஷமும் எஃகு மேசை, எல்லாரும் வழிவிடுவார்கள், பேராசிரியை பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மூன்றாவது வருஷம் ஒரு மாட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அப்போது நடுங்கினால் வெளியே சொல்ல முடியுமா? அப்போது அவள் பெரிய கெட்டிக்காரியாக இருப்பாளே.

போனை அப்பாவின் மடியில் வைத்தாள்.

"எங்க போற? அமுக்கிட்டுப் போ."

"ஒரு நிமிஷம்ப்பா."

கதவைத் திறந்து உள்ளே போனாள். நூற்றுப் பதினெட்டு அவளைப் பார்த்தது. பொடிசு தன் வலது கைப் பக்கமாகப் போனாள். மாட்டின் இடது. கடைசி விலா எலும்புக்குப் பின்னால், இடுப்பெலும்புக்கு முன்னால், ஒரு பள்ளம். கை குட்டை, அதனால் ஒட்டி நிற்க வேண்டியிருந்தது. முஷ்டியை மடக்கிப் பள்ளத்தில் அழுத்தினாள். நல்ல மாட்டுக்குப் பெருவயிறு நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது புரளும் என்று பண்ணைக் கல்லூரிக் கையேட்டில் போட்டிருந்தது. விநாடிகளை எண்ண ஆரம்பித்தாள்.

இருபது. மாடு வாலை வீசியது. அவள் கன்னத்தில் பட்டது. ஓடிவிடலாம் என்று இருந்தது.

முப்பத்தைந்து. "பொடிசு, மணியாகுது," என்றார் அப்பா.

நாற்பத்தெட்டு. முஷ்டிக்கு அடியில் ஏதோ திரண்டது. மெதுவாக, தூக்கத்தில் ஒரு பெரிய ஆள் புரண்டு படுப்பதைப் போல, அவள் கையையும் சேர்த்துத் தூக்கி, ஒரு கணம் அப்படியே வைத்திருந்து, இறக்கியது. இருபத்து மூன்று வருஷம் அப்பா தொடையில் தாங்கிய பாரம் இதுதான். அவர் கையில் அது ஒரு நாளும் அசைந்ததில்லை.

அவள் இன்னொரு தடவைக்காக நின்றாள். பிறகு இன்னொன்று. பயம் போகவில்லை. அக்குள் வரை வியர்த்திருந்தது. வெளியே வந்தபோது கதவைச் சாத்தத் தாழ்ப்பாள் கைக்கு அகப்படவில்லை. பட்டிக்காரன்தான் சாத்தினான்.

மணி மூன்று ஐம்பது. போனை வாங்கிப் பண்ணைக் கல்லூரியை அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அழுத்தினாள். திரையில் எண்ணெய் போல ஒரு கறை விழுந்ததே தவிர கட்டம் அசையவில்லை.

"கொழுப்பு," என்றார் அப்பா. அவள் எதை அழுத்துகிறாள் என்று அவர் பார்த்துவிட்டார்.  "எதை அமுக்குறோம்னு தெரிஞ்சுதானே அமுக்குற?"

"தெரியும்ப்பா. அங்க எனக்கு ஒண்ணும் தெரியாது."

"கை நடுங்குது உனக்கு."

"உங்களுக்கும்தான் நடுங்குச்சு."

அவர் ஏப்ரனைத் தூக்கி, அடியில் இருந்த சட்டையின் சுத்தமான பகுதியைத் தேடி எடுத்து, அவள் கட்டைவிரலைப் பிடித்துத் துடைத்தார். ரேகை ரேகையாகத் துடைத்தார். திரையையும் துடைத்தார். "இப்ப அமுக்கு."

மூன்று ஐம்பத்து நாலுக்குக் கட்டம் பச்சையானது. அதன் கீழே ஒரு கேள்வி வந்தது: ரப்பர் பூட்ஸ் அளவு. பட்டியலில் இருந்ததிலேயே சின்ன அளவைத் தேர்ந்தெடுத்தாள். பழைய கல்லூரியின் பெயர் இருந்த இடம் வெறுமையாகிவிட்டது. போனை மறுபடி உறையில் போட்டுக் கட்டினாள்.

நாலு மணிக்குச் சங்கு ஊதியது. செயின் ஓட ஆரம்பித்தது.

குடல் அறைக் கதவில் அம்மா நின்றிருந்தாள். "அமுக்கிட்டியா?"

"அமுக்கிட்டேன்."

"எது?"

"மாடு."

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். கையில் இருந்த குடலைப் பிழிந்து மேசையில் அறைந்தாள். "நாயாச்சும் வாலாட்டியிருக்கும்," என்றாள்.

மாடும் வாலை வீசியது, கன்னத்தில் பட்டது என்று சொல்ல வாயெடுத்தாள் பொடிசு. பிறகு கொதிநீர்த் தொட்டியிலிருந்து கத்தியை எடுத்தாள்.

நாலரை மணிக்கு நூற்றுப் பதினெட்டு வந்தது. ஈரலோடு, அடையாளத்துக்கு வைக்கும் மஞ்சள் வில்லையும் சேர்ந்து வந்து மேசையில் விழுந்தது. மேடையைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா பெருவயிற்றைத் தொடையில் தாங்கியபடி இருந்தார், வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடுதல் நேரம். பிறகு அதைச் சரிவில் தள்ளிவிட்டு அடுத்ததற்குக் கத்தியைத் தூக்கினார்.

பொடிசு ஈரலைப் புரட்டினாள். இரண்டு விரலால் பையின் கழுத்தைப் பிடித்தாள். கத்தியைச் சாய்த்தாள். இழுத்தாள்.

பச்சை பீறிட்டு மணிக்கட்டு வரை தெறித்தது. ஈரல் முழுக்க வழிந்தது.

பக்கத்தில் கத்திகளின் சத்தம் நின்றது. ரம்பத்தின் ரம்பம்கூட நின்றது. எல்லாரும் பார்த்தார்கள். ரம்பம் வாயைத் திறந்து, அப்பாவைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

"தள்ளிவிடு அதை," என்றார் அப்பா மேடையிலிருந்து, இந்தப் பக்கம் திரும்பாமலே. "அடுத்தது வருது பாரு."

அவள் ஈரலைக் கழிவுத் தொட்டிக்குள் தள்ளினாள். குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். பச்சை போனது. நடுக்கம் போகவில்லை. நூற்றுப் பத்தொன்பதின் ஈரல் ஆவி பறக்க மேசையில் விழுந்தது.